அடியில் போட ஒரு சட்டை

தெபெலோ அப்பாவுக்கு,

நீங்களும் நம் பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. எல்லை தாண்டி வந்திருக்கும் இந்த சீரிஸ் ஊரில் வசந்தம் என்றால் காலையில் உறைபனி, மத்தியானம் வெயில், நினைத்த நேரம் மழை. ஆப்பிள் தோட்டத்தில் கூடுதல் பிஞ்சுகளைக் கிள்ளும்போது வியர்த்துக் கொட்டியது. ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் கழற்றி வரிசையின் முதல் மரத்தில் மாட்டிவிட்டு, மும்முரமாகக் கிள்ளிக்கொண்டே போய்விட்டேன். தொண்ணூறாவது மரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

"ஏண்டி, மரத்துக்கா குளிருது? இடுப்புல கட்டிக்க வேண்டியதுதானே!" என்று பக்கத்து வரிசை சானி அக்கா சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ இப்படி நடுங்கிட்டு நின்னே, உன் ஊரு லெசோத்தோவுக்கே பஸ் ஏத்திடுவேன்" என்றார்.

நனைந்தபடியே வரிசையை முடித்தேன். இப்போது கழற்றுவதெல்லாம் இடுப்பில்தான். இனி நடுங்கமாட்டேன்; பிஞ்சு கிள்ளி முடியும்வரை என்னை யாரும் பஸ் ஏற்ற முடியாது.

டிராக்டர் ஹாரன் அடித்துவிட்டது. இதைக் கொண்டுவரும் மொலெஃபியிடம் உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கம்பளி வேண்டாம், அது பிள்ளைகளுக்கு இருக்கட்டும். மேலே போடுவதையெல்லாம் வெயில் வந்ததும் கழற்ற வேண்டியிருக்கிறது. அடியில் போடுவது மட்டும்தான் நாள் முழுக்க உடம்பிலேயே இருக்கும்.

மாதெபெலோ