பிஞ்சு மீன்

12.5.1985, ஞாயிறு. ஏற்காடு.

லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் இன்று எனக்கு மீன்குழம்பு. பக்கத்து வீட்டுச் செல்வி, காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள், சந்தையில் மீன் வாங்கி, தானே குழம்பு வைத்துச் சட்டியோடு கொண்டுவந்தாள்.

"கடலோரத்துல இருந்து வந்திருக்கீங்க, மீன் இல்லாம சோறு எறங்குங்களா? உங்களுக்குன்னு பிஞ்சாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தனுங்க."

வெண்டைக்காய்க்குச் சொல்வதுபோலச் சொன்னாள். மூடியைத் திறந்தேன். விரல் நீளச் சங்கரா. ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சுகள். இவை தப்பிப் போக வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் தூத்துக்குடியில் என் ஆராய்ச்சி. இவற்றைப் பிடிக்காதீர்கள் என்று படகுக்காரர்களிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

"ஏனுங்க, சாப்பிடாம பாக்கறீங்க? முள்ளு கிள்ளு இருக்குதுங்களா?" செல்வியின் முகம் வாடிவிட்டது.

அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? மீன் குவியலுக்கு முன் உட்கார்ந்து எனக்காக ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாள். சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்தது, அதுதான் எரிச்சல். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"நொம்ப சந்தோசமுங்க. அடுத்த வாரம் இதவிடப் பிஞ்சா வாங்கிட்டு வர்றனுங்க" என்றாள்.

தலையாட்டிவிட்டேன்.