காலுக்குக் கேட்ட தாளம்

மார்ச் 3, செவ்வாய்

பதினான்காவது பாட்டும் கிடைத்துவிட்டது! யாரோ ஒரு பல் மருத்துவர், எந்தக் காலத்திலோ, தானே பாடிப் பதிவு செய்த காதல் பாட்டு. பழைய சாமான் கடையில், உடைந்த மிக்சிக்கு அடியில் கிடந்தது. மனுஷனுக்குச் சுருதியே சேரவில்லை. ஆனால் என்ன ஒரு நம்பிக்கை! விடுவேனா?

என் பட்டியலின் லட்சணத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். தீயணைப்புப் படையின் பேண்டு, பாஷை தெரியாத ஒரு தாலாட்டு, தூக்கம் வராதவர்களுக்கு என்று விற்ற மழைச் சத்தக் கேசட், இரண்டு டிஸ்கோ, இப்போது பல் டாக்டர். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாத கூட்டம். இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்க வேண்டும். அறுபத்திரண்டு நிமிடம், நடுவில் ஒரு நொடிகூட இடைவெளி இல்லாமல், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரவேண்டும்.

பதினாறு வருடமாக அடுத்தவர் வீட்டு விசேஷங்களில், அடுத்தவர் கேட்ட பாட்டைப் போட்டுவிட்டு வருகிறேன். முதல் தடவையாக ஓர் ஆல்பத்தின் அட்டையில் என் பெயர் வரப்போகிறது.

மார்ச் 5, வியாழன்

அம்மாவிடமிருந்து ஃபோன்.

"உன் ஆல்பம்னு சொல்றே. நீ பாடலை, வாசிக்கலை, எழுதலை. அப்புறம் அதுல உன்னோடது எதுடி?"

"வரிசை என்னோடதும்மா."

"வரிசையா? பஸ் ஸ்டாப்புலகூடத்தான் வரிசை நிக்குது."

ஃபோனை வைத்துவிட்டுப் பல் டாக்டரை மறுபடி போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் கோத்து முடித்தேன். நானே என் முதுகில் தட்டிக்கொள்ளலாம், கை எட்டவில்லை.

திரையில் பாட்டின் வேகத்தைக் காட்டும் எண் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். எண்ணைப் பார்த்துப் பாட்டுச் சேர்ப்பவர்கள் கணக்குப் பிள்ளைகள். எனக்குக் காது இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்தால் போதும். கீழே சலவைக்கடை என்பதால் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். இந்த அறைக்கு நான் குடிவந்ததே அதற்காகத்தான்.

ஆறாவது தாலாட்டு. ஏழாவது தீயணைப்புப் படை. குழந்தை தூங்கிப்போகிற அதே மூச்சில் பேண்டு உள்ளே வருகிறது. குழந்தை விழிக்கவே இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மார்ச் 13, வெள்ளி

வேண்டியிருக்கிறது.

ஆல்பம் வெளியிடும் கம்பெனியில் போட்டுக் காட்டினேன். தயாரிப்பாளருக்கு நான் வைத்த பெயர் 'கண்ணாடி'. நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுவார். கம்பளம் விரித்த அறை, வாசலிலேயே ஷூவோடு வரலாம் என்றார்கள். முதல் ஐந்து பாட்டு வரைக்கும் அவர் தலை ஆடியது. தாலாட்டு முடிந்தது. பிறகு — ஒன்றுமில்லை. ஒரு பெரிய பள்ளம். தீயணைப்புப் படை ஏதோ வழிதவறி வந்ததுபோல் உள்ளே வந்தது. இப்படி மூன்று இடத்தில்.

"பாட்டெல்லாம் பிரமாதம். ஆனா ஆறும் ஏழும் சண்டை போட்டுப் பேசாம இருக்கிற மாதிரி இருக்கே? நடுவுல ஒண்ணுமே இல்லையே."

"உங்க ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு சார்."

"இருக்கலாம்," என்றார் மரியாதையாக. "முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள சரியா வரலைன்னா உங்களுக்கு ஒதுக்கின வெளியீட்டு மாசத்தை வேற ஆல்பத்துக்குக் கொடுத்துடுவோம். தப்பா நினைக்காதீங்க."

மார்ச் 14, சனி

வீட்டில் போட்டுக் கேட்டேன். அட்சர சுத்தம். பள்ளமாவது மண்ணாவது! அவருடைய ஸ்பீக்கரைப் பற்றி ஒரு காரமான கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

கடிதத்தில் சேர்க்க நேரக் கணக்கு எடுக்கலாம் என்று மறுபடி போட்டேன்.

பள்ளம். மூன்றும், அதே இடத்தில். நேற்று இல்லையே! அதே கோப்பு, அதே ஹெட்ஃபோன், அதே நாற்காலி. அப்படியென்றால் மாறியது எது? நானா? காது போய்விட்டதா? பதினாறு வருடம் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவளுக்கு வேறு என்ன நடக்கும்? நல்லா கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேனே — என்னடீ இது, இப்பத்தான் பேரு வரப்போகுது, இப்பப் போயா...

அழுதேன். என் டைரிதானே, எழுதினால் என்ன?

மார்ச் 16, திங்கள்

காலை எட்டு மணி. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்காலில் — தட், தட், தட், தட்.

பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

கீழே சலவைக்கடை நடத்தும் அக்காவின் பெரிய சலவை இயந்திரம். அதற்கு ஒரு கால் குட்டை. காலையில் ஓட ஆரம்பித்தால் மாலைவரை தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை! ஓடிப்போய்த் திரையில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எல்லாப் பாட்டும் நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு! தாலாட்டு, மழை, பல் டாக்டர், ஒருவரையும் விடாமல் அந்த இயந்திரத்தின் வேகத்துக்கு இழுத்து வைத்திருக்கிறேன். பாட்டில் தாளம் இல்லாத இடத்தில் என் கால் தாளம் கொடுத்திருக்கிறது. அதையும் இசையோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, "எனக்குக் காது இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன் பார், மேலே!

கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். காது பத்திரமாக இருக்கிறது. மானம்தான் போய்விட்டது.

மார்ச் 17, செவ்வாய்

பள்ளங்களில் கணினியிலிருந்த தாளங்களைப் போட்டுப் பார்த்தேன். பதினோரு விதம். ஒவ்வொன்றும் கடன் வாங்கிய சட்டை மாதிரி தோளிலேயே நிற்கவில்லை. அந்தத் தட்டு வேண்டும். அதேதான் வேண்டும்.

மார்ச் 18, புதன்

மைக்கோடு கீழே போனேன். கடை அமைதியாக இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அமைதியாக! பக்கத்தில் மெக்கானிக் கைதுடைத்துக்கொண்டு நிற்கிறார். அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வா டீஜேம்மா! ரெண்டு வருஷமா கூப்பிட்டு இன்னிக்குத்தான் வந்தாரு. பாரு, சத்தமே இல்ல. உனக்குத்தான் மேல தொந்தரவா இருந்திருக்கும், பாவம்."

விஷயத்தைச் சொன்னேன்.

"அதாவது, சரி பண்ணினதை மறுபடியும் கெடுக்கணும்," என்றார் மெக்கானிக்.

"ஒரே ஒரு நாளைக்கு. ப்ளீஸ்ணே."

"முப்பது வருஷத்துல என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா."

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தார். "பேரு போடுவியா?"

"போடறேன்க்கா."

"அப்ப கெடுங்க," என்றார் மெக்கானிக்கிடம்.

மார்ச் 19, வியாழன்

கெடுப்பது சுலபம் என்று நினைத்தேன். பழையபடி கெடுப்பது பெரும்பாடு!

மெக்கானிக் பின்பக்கக் காலை மூன்று சுற்றுத் தளர்த்தினார். இயந்திரம் நடந்து வாசல்வரை போய்விட்டது. மூன்று பேரும் சேர்ந்து பிடித்து நிறுத்தினோம். ஒன்றரைச் சுற்று: முனகல்தான். இரண்டு சுற்று: தட்டு வந்தது. ஆனால் ஆள் மாறின குரல், சட்டைகளை வைத்து ஓட்டியதால் மேலோட்டமாக இருந்தது.

"தினமும் காலைல விடுதிப் போர்வையில்ல போடுவேன்," என்றார் அக்கா. ஆறு போர்வை போட்டார். அடி கனத்தது, ஆனால் மந்தம். நான் கையால் சைகை காட்ட, அக்கா ஒரு போர்வையை எடுத்துவிட்டு இரண்டு துண்டு போட்டார். "இப்ப?" இன்னொரு துண்டு. இத்தனை வருடம் குமிழைத் திருகியவளுக்குத் துண்டு போட்டுச் சத்தம் கூட்டுவது புது வித்தை.

ஐந்து போர்வை, மூன்று துண்டு, இரண்டேகால் சுற்று. தட், தட், தட், தட். மூன்று பேர் காலும் ஒன்றாகத் தட்டியது. மெக்கானிக் தான் தட்டவில்லை என்கிறார், நான் பார்த்தேன்.

பதிவின் தொடக்கத்தில் அக்காவின் குரல் விழுந்துவிட்டது: "போதுமா? கதவை மூடவா?" வெட்டப் போனேன். வெட்டவில்லை. ஆல்பம் அதில்தான் ஆரம்பிக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

அறுபத்திரண்டு நிமிடத்தையும் கண்ணாடிக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். தாலாட்டு ஓய்ந்தது, தட்டு மட்டும் ஓயாமல் கேட்டது, பேண்டு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. நான் மூச்சுவிட்டேன். முடிந்ததும் நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தானாகவே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

"அது என்ன வாத்தியம்?"

"எங்க வீட்டுத் தரை சார்."

"சரி," என்றார். "அச்சுக்குக் கொடுத்துடலாம்."

சரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 2, வியாழன்

ஆல்பம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயர். உள்ளே, பொடி எழுத்தில்: 'சலவை இயந்திரம்: அக்கா. கெடுத்தவர்: மெக்கானிக்.' பன்னிரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அம்மா ஃபோன் செய்தார், முழுதும் கேட்டாராம். "அந்த பல்லு டாக்டரைத் தூக்கிடு" என்றார். பிறகு, "அந்த தட் தட்னு ஒண்ணு பாட்டுக்குப் பாட்டு வருதே, அது யாருது?"

"அது என்னோடதும்மா."

"நினைச்சேன். உன்ன மாதிரியே விடாம நச்சரிக்குது." சிரித்தார். என் அம்மாவிடமிருந்து இது பெரிய பரிசு.

ஜூலை 30, வியாழன்

அக்கா புது இயந்திரம் வாங்கிவிட்டார். பூனைபோல ஓடுகிறது. பழையதை வண்டியில் ஏற்றும்போது நான் ஜன்னலில் நின்றேன். இறங்கிப் போகவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இரண்டாவது ஆல்பம் கேட்டிருக்கிறார்கள். பத்து நாளாக ஒரு பாட்டும் ஒட்டவில்லை, அறை அவ்வளவு நிசப்தம்.

இன்று காலை எட்டு மணிக்கு உள்ளங்காலில் தட், தட், தட், தட். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று இறங்கி ஓடினேன். அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தார், புது இயந்திரத்தின் மேல் ஒரு பெரிய ஸ்பீக்கர்.

"சத்தமில்லாம மடிக்கவே கை வரல. அதான் உன்னோட ஆல்பத்தை வாங்கிப் போட்டுட்டேன். தினமும் ஓடும். தொந்தரவா இருக்கா?"

"இல்லக்கா."

மேலே வந்தேன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரையில் வேக எண்ணை மறைக்காமல் வைத்து, ஒழுங்காக வேலைக்கு உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டேன்.