பொழுது போகாமல் வந்தவர்கள்

முதலாளி கேட்ட பழைய கடிதமொன்றைத் தேடி, நேற்றுக் காலை நண்டுக் கொம்பனியில் நான் எழுத்து வேலை பார்க்கும் மேசையின் லாச்சியை இழுத்தபோது உங்கள் கரண்டி கிடைத்தது, அக்கா. பிடியில் சிவப்பு நூல் சுற்றிய கரண்டி. நீங்கள் கண் மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

சோற்றைக் குழைத்து உண்ணும் ஊரில் நீங்கள் மட்டும் கரண்டியால் சாப்பிட்டீர்கள். அவித்து ஐஸில் போட்ட நண்டை விடிந்ததிலிருந்து உடைத்த விரல்கள். ஓடு கீறிய காயத்தில் கறித்தூள் பட்டால் எரியும். துரைச்சாணி சாப்பிடுகிறா என்று மற்றப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

அந்தக் கைகளைத்தான் பொழுதுபோக்குக்கு வந்த கைகள் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

அன்று தொழில் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம் உங்களுக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்க வந்தவர். மூத்தவர் என்று முதலில் உங்களைக் கேட்டார். நீங்கள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வீட்டில பொழுது போகேல்லை ஐயா. அதுதான் சும்மா வாறனான்" என்றீர்கள். பின்னால் நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். முதலாளிக்கு அது போதும். அன்று பின்னேரமே அவர் சொல்லச் சொல்ல நான் கந்தோருக்கு நல்ல தமிழில் கடிதம் எழுதினேன்: இவர்கள் வேலையாட்கள் அல்லர், ஓய்வு நேரத்தில் வந்து உதவுபவர்கள்.

வேலணை பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று உங்களோடு கோபித்துக்கொண்டேன். வந்த உத்தியோகத்தர் கரம்பொன் ஊர் ஆள், மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீட்டுக்கு உறவு என்றீர்கள். காணி பூமியோடு இருந்த குடும்பம் கூலிக்குப் போவதை எந்த வாயால் சொல்வது என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நான் வெக்கத்தில சொன்னனான். நீர் ஏன் பிள்ளை எழுதினனீர்?"



இப்போது குறைந்தபட்சச் சம்பளத்தை மறுபடி கூட்டியிருக்கிறார்கள். முதலாளி அந்தப் பழைய கடிதத்தில் திகதியை மட்டும் மாற்றச் சொன்னார். "உவையள் வெளிநாட்டுக் காசு வாற ஆக்கள். கூட்டிக் குடுத்தால் கொம்பனியைப் பூட்டத்தான் வேணும்."

கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி உங்கள் செத்தவீட்டுக்குத்தான் காசு அனுப்பினார். வெளிநாட்டில் உறவு இருந்தால் இங்கே உழைப்புக்கு விலை இல்லையா? கடைக்காரன் அரிசியை அப்படி ஆள் பார்த்தா விற்கிறான்? பெண்களின் சோற்றைக் குறைத்தால்தான் கொம்பனி நிற்கும் என்றால், அதைத் தாங்கி நிற்பது முதலாளியின் காசு அல்ல, அந்தப் பெண்களின் பசி. சம்பளம் இன்னும் கூட வேண்டும். கூட்டியது கைக்கு வந்து சேரவும் வேண்டும்.

புதிதாக ஒரு கடிதம் எழுதட்டுமா என்று பெண்களிடம் கேட்டேன். கொம்பனி பூட்டுப்படும் என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. பிறகு, அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வரும் தெரேசாக்கா, "எழுதும். என்ர பேரை முதல் போடும்" என்றா.

'இவர்கள் இங்கே கூலிக்கு வேலை செய்கிறார்கள்' என்பது முதல் வரி. கீழே என் பெயரையும் போட்டு, இன்று தொழில் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ தெரியாது.

ஒன்றை உங்களிடம் மறைக்க ஏலாது. 'கூலிக்கு' என்று எழுதும்போது என் பேனா சற்றே நின்றது. நானும் இந்தத் தீவில் பிறந்தவள்தானே, அக்கா. உங்கள் வெட்கம் என்னிடமும் இருக்கிறது, இன்னும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.