கட்டிங்கக்கா ஸ்டாப்

அக்கா,

இன்று மதியம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டிவைடரில் அரளிச் செடிகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கிளைகளின் பச்சை வாடை கம்பெனி பஸ் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் ஒட்டியிருந்த வாடை அது. அந்தச் செடிகளுக்குள் புகுந்துதானே நீ தினமும் வீட்டுக்குப் போனாய்.

சாலையை அகலமாக்கியபோது நாம் சந்தோஷம்தான் பட்டோம். ஒரகடம் கம்பெனிகளுக்கு கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் போகவேண்டும் என்று யாரோ நினைத்தார்கள், யாரோ கோடு போட்டார்கள். சாலை நடுவே மேடை எழும்பியது, அதில் அரளி வைத்தார்கள். காலையில் வீட்டருகே பஸ் ஏறிய நம்மை, திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். முறையாகக் கடக்க வேண்டுமானால் பாலத்தடி வரை நடந்து, மறுபடி அவ்வளவு தூரம் திரும்பி வரவேண்டும். அதுவும் ஷிஃப்ட் முழுக்க கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த காலோடு. "ரோடு போட்டா ரெண்டு ஊரு சேரும்னு நெனைச்சேன்டி. இவனுங்க ஒரே ஊரை ரெண்டாக்கிட்டானுங்க" என்றாய்.

கோடு போட்டவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். நேரம் மிச்சமாகும் என்று நினைத்திருப்பார். யாருடைய நேரம் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீ கேட்டாய். கிராம சபைக்கு வந்த அதிகாரி வரைபடத்தை மேஜையில் விரித்தார். ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கு எதிரேயும் டிவைடரில் இடைவெளி இருந்தது. நம் ஊர் இருக்கும் இடம் வெறும் வெள்ளை. நீ எழுந்து, "கேட்டுக்கு கேட்டு கட்டிங் கீது. ஊருக்கு ஒரு கட்டிங் குடுங்க சார்" என்றாய். டிவைடர் இடைவெளியை நாம் அப்படித்தான் சொல்வோம். ஒயின்ஷாப் வாசலில் குவார்ட்டரைப் பங்கு போடுவதற்கும் அதுதானே பேர்! கூட்டமே சிரித்தது. "இன்னாக்கா, மதியானமேவா?" என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பின்னாலிருந்து கத்தினார். மைக் பிடித்திருந்தவரும் சிரித்தார். நீ உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாய்.

"குடிக்கிற கட்டிங் இல்ல சார். கடக்கிற கட்டிங்."

"அங்க கட்டிங் விட்டா வண்டிங்க ஸ்லோவாயிடும்மா" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து ஆட்டோக்காரர்களுக்கு நீ கட்டிங்கக்கா. "இன்னா கட்டிங்கக்கா, கெடைச்சுதா?" என்பார்கள். "கெடைச்சா உனுக்கும் பங்கு தரேன், போடா" என்பாய்.

ஒரு மதியம் நாம் இறங்கியதும் என் செருப்பு வார் கழன்றது. மாட்டிக்கொள்ளக் குனிந்தேன். நீ பாதி சாலையைக் கடந்து, செடிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் கால் வைத்தாய். லாரி ஸ்லோவாகவில்லை.

மறியல் செய்தோம். கட்டிங் கேட்டோம், கம்பி வேலி வந்தது. நீ நுழைந்த இடத்தில்தான் முதல் கம்பியை நட்டார்கள். இனி யாரும் சாக மாட்டார்கள் என்றார்கள். உண்மைதான், யாரும் சாகவில்லை. எல்லோரும் பாலத்தடியைச் சுற்றி வருகிறோம்.

திரும்பி நடக்க முடியாத நாளில் பாலத்தடியில் ஷேர் ஆட்டோ ஏறுகிறேன். "எங்கம்மா எறங்கணும்?" என்பார் டிரைவர். "கட்டிங்கக்கா ஸ்டாப்" என்பேன். இப்போது எல்லோருக்கும் அந்த இடத்துக்கு அதுதான் பேர். இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தென்காசிப் பெண், லைனுக்குப் புதுசு, "அங்க கட்டிங் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பெறவு ஏன் அந்தப் பேரு?"

அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிக்கொண்டேன்.

அந்தப் பேருக்கு இப்போது யாரும் சிரிப்பதில்லை. வீடு போய்ச் சேர அதை நான் சொல்லியாக வேண்டும், அக்கா.