ஊன்றாத கோல்

ஜனவரி 6, திங்கள்

இன்றும் கோலூன்றித் தாண்டவில்லை. ஓடினேன். கோலை ஊன்றத் தாழ்த்தும் இடம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. மெத்தையைச் சுற்றி நடந்து திரும்பி வந்தேன். எதிர்க்காற்று என்று சொன்னேன். மைதானத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

ஜெகதீஸ்வரன் சார் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓடத் தொடங்கியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் பயிற்சி கொடுக்கிறவர். இப்போது பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போல.

ஜனவரி 8, புதன்

நின்றேன்.

ஜனவரி 11, சனி

நவம்பரில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. கோல் வளைந்து என்னை மேலே தூக்கும்போது வெடி போட்டதுபோல ஒரு சத்தம். இரண்டாக முறிந்தது. உடம்பு பாதி மெத்தையில், தலை வெளியே. கழுத்துக்குக் கீழே காறை எலும்பில் விரிசல். அது ஆறிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லிவிட்டார். பிறகு ஏன் நிற்கிறேன்? விடுதியில் யாராவது தட்டைக் கீழே போட்டால்கூட முதுகு வியர்த்துவிடுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கு நாமகிரிப்பேட்டை வந்தேன். அப்பா மார்ச்சில் நடக்கும் மாநிலப் போட்டியைப் பற்றியே பேசினார். "இந்த வருசம் நானும் வாரேன் சாமி. ஒருக்காவாச்சும் நீ தாண்டறதப் பாக்கோணும்."

சரிங்கப்பா என்றேன். பக்கத்து வயல்காட்டில் பொங்கல் வெடி போட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "தல சுத்துதா கண்ணு?" என்றார். ஆமாங்கம்மா என்று பொய் சொன்னேன்.

பிப்ரவரி 1, சனி

விடுதிப் படியில் இறங்கும்போது தோன்றியது — கால் உடைந்தால் போட்டிக்குப் போக வேண்டியதில்லை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கைப்பிடியை விட்டுவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோலைப் பார்த்துத்தான் பயம் என்று நினைத்திருந்தேன். இப்ப என்னப் பாத்தே பயமா இருக்குது. நான் என்ன பண்ணிக்குவனோ.

அறைத்தோழி வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "திங்கக்கெழம நானும் வாரேன். ஒருத்தரப் பாக்கலாம்" என்றாள். அதுவரை படியில் என்னைத் தனியாக இறங்க விடமாட்டாளாம்.

பிப்ரவரி 3, திங்கள்

அயோத்தியாப்பட்டணம். மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை. விளையாட்டுக்காரர்களுக்கான மனநல ஆலோசகர் கமலவேணி. என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

தைரியமாக இரு என்று சொல்லப் போகிறார் என நினைத்துப் போனேன். வெண்ணிலா முன்பே போனில் சொல்லியிருந்தாள் போல, அவர் முதலில் கேட்டது படிக்கட்டைப் பற்றி. திரும்பவும் தோன்றினால் அந்த நிமிடமே யாரிடம் சொல்வேன் என்று பெயரைச் சொல்ல வைத்தார். வெண்ணிலா என்றேன்.

பிறகு, "ஓடறப்ப பயம் ஒடம்புல எங்கிருந்துங்க ஆரம்பிக்குது?"

யோசித்ததே இல்லை. நாக்கில். நாக்கு வறண்ட பிறகுதான் கால் நிற்கிறது.

"கால் மேல கோவப்படாதீங்க. உங்களக் காப்பாத்தறதா அது நெனச்சுக்கிட்டு இருக்குது."

அடுத்த முறை சாரையும் கூட்டி வரச் சொல்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

சார் வந்தார். வர மாட்டார் என்றே நினைத்தேன். "நான் ஓடறப்ப நீங்க திரும்பிக்கறீங்க சார். இவ தேற மாட்டான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"பாக்க முடியலம்மா. நீ கோலத் தூக்குனாலே எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. மெத்தைக்கு வெளிய உன் தல கெடந்தது... ஊட்டுலகூடச் சொல்லல." சார் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு இன்னும் பயம் கூடியது. அவரும் பயந்தால் என்னை யார் பார்த்துக்கொள்வது? ஆனால் அழுகை வந்தது. விழுந்ததற்குப் பிறகு இன்றுதான் அழுகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

கோலைத் தூக்கிக்கொண்டு நடப்பது மட்டும். நானும் சாரும் கமலவேணி சொன்னபடி செய்கிறோம். சார் முகத்தைத் திருப்பாமல் தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறார்.

மார்ச் 1, சனி

போனில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "போட்டிக்குப் போகலீங்கப்பா. பயமா இருக்குதுங்க."

"ஊரெல்லாம் சொல்லிட்டனே சாமி." வைத்துவிட்டார்.

சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தபோது திரும்பக் கூப்பிட்டார். "அன்னைக்கு உழுந்தப்ப ரொம்ப வலிச்சுதா?"

அப்பா இதுவரை அதைக் கேட்டதேயில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று கோலை ஊன்றினேன், குறுக்குக் கம்பி வைக்காமல் வெறும் மெத்தை மேல்தான். நின்றது இரண்டு தடவை. தாண்டியதை எண்ணவில்லை. மேலே போகும்போது இன்னும் பயம்தான்.

உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. ரசம் சாதத்தைப் பிசையவே முடியவில்லை, அப்படி எரிந்தது. வெண்ணிலா ஸ்பூன் எடுத்து வந்து தந்தாள். நாளைக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு போக வேண்டும்.