லோர்னா தட்டிய சிவப்புப் பொத்தான்

கப்லின் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஏப்ரல் கடைசி வாரம்

மகள் பெர்னடெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்குக் கை ஓடவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, துறைமுகத்தில் பனிக்கட்டி விலகாமல் நண்டுப் படகுகள் கட்டியபடியே கிடக்கின்றன. இனி விஷயத்துக்கு வருகிறேன். கால்கரியில் தலைமைப் பண்பைப் பற்றி நீ பேசிய வீடியோவை, ஞாயிறு பூசை முடிந்து கோயில் கூடத்தில் எல்லாருக்கும் பெருமையாகப் போட்டுக் காட்டியவள் நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பதினேழு வயதில் நண்டு ஆலைக்கு விடுமுறை வேலைக்குப் போனாயாம், கூட வேலை பார்த்த டொரீன் கை நண்டு ஓடும் பெல்ட்டில் சிக்கியதாம், இயந்திரத்தை நிறுத்தாதே என்று மேஸ்திரி கத்தியும் நீ ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானைத் தட்டினாயாம், அன்றைக்குத்தான் நீ யாரென்று உனக்கே தெரிந்ததாம். நீயா தட்டினாய்? நீ பயந்து வாசலுக்கு ஓடிவிட்டாய். அதில் தப்பே இல்லை, சின்னப் பெண் நீ. தட்டியது பக்கத்து வீட்டு லோர்னா, அதற்காக வேலை போனதும் அவளுக்குத்தான். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். டொரீன் எழுந்து, "யாருடி அது, என் கையைக் காப்பாத்துன மகராசி? எனக்கே தெரியாமப் போச்சே!" என்றாள், கூடமே சிரித்தது. லோர்னா மட்டும் சிரிக்கவில்லை. "விடு பிலோமினா, பொண்ணு நல்லாத்தான் பேசுறா. வேலை போயி நான் வீட்டுல அழுதப்ப இவ எங்க இருந்தாளாம்?" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று போனில் கேட்டால், "அம்மா, அது ஒரு கதைதானே, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறாய். உங்கள் மனசுக்கு எது முக்கியம் என்று கண்டுபிடியுங்கள், உண்மையாக இருங்கள் என்று ஊர் ஊராய் வகுப்பெடுக்கிறவள், அடுத்தவள் தைரியத்தை எடுத்து உடுத்திக்கொண்டு மேடையில் நிற்கிறாய். நான் பயந்து ஓடினேன், ஒருத்தி நின்றாள், அவளைப் போல ஆகத்தான் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் முதலில் கைதட்டியிருப்பவள் நான். ஜூனில் பள்ளிக்கூட விழாவில் நீ பேசுவதாக இருந்ததல்லவா, தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன், உன் அழைப்பை நிறுத்திவிட்டார். உனக்குப் பதிலாகப் பேச அவர் லோர்னாவைக் கூப்பிட்டதற்கு, "பொத்தானைத் தட்டினேன், அதுல பேச என்னய்யா இருக்கு?" என்று மறுத்துவிட்டாள்.

மேடை இல்லாவிட்டாலும் ஊருக்கு வா. வந்ததும் முதலில் லோர்னா வீட்டுக்குப் போ, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல். அப்புறம் நம் வீட்டுக்கு வா. அதற்கு முன்னால் வந்தாலும் அப்பா கதவைத் திறந்துவிடுவார், நான் விடமாட்டேன். இங்கே குளிர் இன்னும் போகவில்லை, கனத்த கோட்டு எடுத்துக்கொள். ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
பிலோமினா