நிற்கும்போது குறையும் எண்

பதிவு 1
22 டிசம்பர் 2034, வெள்ளி, மாலை 5.10. கோவில்பட்டி.
ஓடிய தூரம் 4 கி.மீ. திரையில் மீதித் தூரம் 620 கி.மீ. பிளக் மாட்டியிருக்கிறது.

இந்தக் குறிப்பேடு வண்டியோடு ஒரு பெட்டியில் வந்தது. வாங்கிய குடும்பத்தில் ஒருவர் மூன்று வாரம் இதில் எழுத வேண்டும், சிறந்த குறிப்பேட்டுக்குப் பரிசு உண்டு என்று நெடுவழி மோட்டார்ஸ் அறிவித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. என் பெயர் செண்பகவல்லி. பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு.

அப்பா அஞ்சலகத்தில் எழுத்தர். இந்த வண்டிக்காக ஒன்பது வருடம் காத்திருந்தார். எலெக்ட்ரிக் கார் பற்றிய செய்திகளை எல்லாம் வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறார். அதைப் புரட்டினால் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும்: அடுத்த ஆண்டு விலை குறையும், அடுத்த ஆண்டு தூரம் கூடும். விலை குறைந்த வண்டி நூற்றைம்பது கிலோமீட்டரில் நின்றுவிடும். அறுநூறு போகும் வண்டி எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு. இரண்டும் சேர்ந்து வந்த முதல் வண்டி நெடுவழி 620.

எப்படி முடிந்தது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "டெக்னாலஜி, பாப்பா" என்றார். அது விடை இல்லை. குறித்து வைக்கிறேன்.

லாரியிலிருந்து இறக்கி, கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்கு கிலோமீட்டர். இனி ஜனவரி 11 வரை வண்டி நகராது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அப்பா பிரிக்க விடவில்லை. முதல் நெடும்பயணம் தாரணி அக்காவுக்கு. தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குக் கார்த்திகையில் வளைகாப்பு ஆனது. அன்றைக்கே பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். "சொந்த வண்டியில கூட்டிட்டு வருவோம்" என்று அப்பா தள்ளிப் போட்டார். அக்காவுக்கும் ஆபீசில் ஜனவரி 13 முதல்தான் விடுப்பு.

பதிவு 5
27 டிசம்பர், புதன், காலை 7.00.
ஓடிய தூரம் 4. மீதி 620.

வண்டி உறைக்குள் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

கார் பிளக்குக்கு மின்வாரியம் தனி மீட்டர் வைத்திருக்கிறது. பழக்கத்தில் அதையும் தினமும் பார்த்துக் குறிக்கிறேன். ஐந்து நாளில் வண்டிக்குள் 46 யூனிட் போயிருக்கிறது. வண்டி முதல் நாளே நிறைந்திருந்தது. நிறைந்த குடத்தில் ஐந்து நாள் தண்ணீர் ஊற்றினால் வழிய வேண்டும். இங்கே தரை ஈரமாகவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "புது வண்டி, ஏட்டி. பச்சப்புள்ள மாதிரி. பால் குடிச்சிக்கிட்டேதான் இருக்கும்" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் குழந்தை எடை கூடும்.

பதிவு 7
29 டிசம்பர், வெள்ளி, மாலை 4.45.

வாடிக்கையாளர் சேவைக்குக் கேள்வி அனுப்பியிருந்தேன். சுபாஷினி என்பவர் குரல் பதிவு அனுப்பினார். அப்படியே எழுதுகிறேன்:

"வணக்கம் செண்பகவல்லி. உங்க குறிப்பேட்டை ஆபீஸ்ல எல்லாரும் விரும்பிப் படிக்கிறோம்மா. எவ்வளவு அழகான கையெழுத்து! மீட்டரைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், அது பேட்டரி பராமரிப்பு. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பிளக்கை மட்டும் எடுக்காதீங்க."

மூன்று முறை கேட்டேன். குரல் இனிமையாக இருந்தது. குறிப்பேடு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நான் ஒரு பக்கத்தைக்கூட யாருக்கும் அனுப்பவில்லை.

வண்டியின் முன் கண்ணாடிக்கு மேலே ஒரு சிறிய கேமரா இருக்கிறது. நேற்று நான் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதினேன்.

பதிவு 8
30 டிசம்பர், சனி, மாலை 6.15.

இது இனி கம்பெனிக்கான குறிப்பேடு இல்லை. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், உங்களுக்கு. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அப்பா வேலைக்குப் போனதும் பிளக்கை எடுத்தேன்.
10.00: 620.
10.04: 388.
10.09: 141.
10.20 வரை 141.

மறுபடி மாட்டினேன். இரண்டு நிமிடத்தில் 620.

எந்த பேட்டரியும் இரண்டு நிமிடத்தில் அப்படி நிறையாது. ஆகவே 141 கிலோமீட்டர்தான் எங்கள் வண்டிக்குள் இருப்பது. அதனால்தான் விலை குறைவு. மிச்சம் 479 யாருடையது?

என் ஊகம்: பிளக் இரண்டு பக்கமும் திறந்த வாசல். சும்மா நிற்கும் வண்டிகளிடமிருந்து எடுத்து, ஓடும் வண்டிகளுக்குக் கொடுக்கிறார்கள். நெடுஞ்சாலையின் இடதுபக்கத் தடத்தில், மேலே ஓடும் வண்டிக்கு மின்சாரம் ஏற்ற, தாரோடு பதித்த கறுப்புப் பட்டை இருக்கிறது. "போகிற போக்கில் கொஞ்சம் கைகொடுக்கும்" என்று விளம்பரம் சொல்லும். கைகொடுப்பது அந்தப் பட்டை இல்லை. உறை போட்டுப் பொத்தி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் மறுபடி பிளக்கை எடுத்துக் காட்டினேன். 141-ஐப் பார்த்ததும் முகம் மாறியது. 620 திரும்பி வந்ததும் முகமும் திரும்பி வந்தது.

"சரி, அப்படியே இருக்கட்டும். நமக்கு வேணும்கிறப்ப நமக்கும் கிடைக்கும்லா? பஸ்ல எல்லாரும் சேர்ந்து போறதில்லையா?"

எல்லா நாளும் எல்லாரும் ஓட்டுவதில்லை, அதனால் இது நடக்கும் என்று ஒத்துக்கொண்டேன். பிறகு நாட்காட்டியைப் பார்த்தேன். அக்காவை அழைத்து வரும் நாள் ஜனவரி 13. போகிக்கு முந்தின நாள். அன்று சென்னையில் எந்த வண்டி நிற்கும்?

பதிவு 20
11 ஜனவரி 2035, வியாழன், மாலை 6.00. தாம்பரம்.
ஓடிய தூரம் 541. மீதி 604.

அப்பா, அம்மா, நான் மூவரும் வந்தோம். வழி முழுக்க எண் பெரிதாகக் குறையவே இல்லை. சென்னையை நோக்கி வருபவர்கள் இன்று குறைவு. அப்பா மதுராந்தகத்தில் இறங்கி வண்டியைத் தட்டிக் கொடுத்தார். அக்காவுக்கு முப்பத்தைந்து வாரம். டாக்டர் பயணம் போகலாம் என்றிருக்கிறார். அத்தானுக்கு விடுப்பு இல்லை, பொங்கலன்று ரயிலில் வருவார். ரயிலில் அக்காவுக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் எண் 388.

நடுவில் நின்று சாதாரண சார்ஜரில் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன். அப்பா என்னைப் பார்த்த விதம், நான் அவருடைய ஒன்பது வருடக் கோப்பைக் கிழித்ததுபோல் இருந்தது.

பதிவு 22
13 ஜனவரி, சனி, காலை 7.15. செங்கல்பட்டு சுங்கச்சாவடி வரிசை.
புறப்பட்டது 5.30. புறப்படும்போது 620.

28 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம். மீதி 548. வரிசையில் ஐம்பது நிமிடமாக நிற்கிறோம். பட்டை இந்தத் தடத்திலும் இருக்கிறது.

நிற்கும்போது எண் குறைகிறது. பத்தடி உருண்டால் ஒன்றோ இரண்டோ கூடுகிறது. பதினோரு முறை சரிபார்த்தேன். விதி இதுதான்: சக்கரம் நின்றால் கொடுக்கிறாய், சக்கரம் உருண்டால் எடுக்கிறாய். வண்டிக்குச் சாலை நெரிசல் தெரியாது. நிற்பவர் எல்லாரும் அதற்கு வீட்டில் இருப்பவர்.

அக்கா: "இவ என்ன பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி எழுதிக்கிட்டே இருக்கா? உன் அக்கா புள்ளைக்கும் ஒரு ரெக்கார்டு நோட்டு போட்டு வச்சிரு, சித்தி."

பதிவு 23
காலை 9.50. விழுப்புரம் தாண்டி 30 கி.மீ.

திண்டிவனத்தில் 402. விழுப்புரத்தில் 266. பிறகு படிக்கட்டில் உருண்டதுபோல் 190, 118. அதற்கப்புறம் உருண்டாலும் கூடவில்லை; கொடுக்க இன்று வீடுகளில் வண்டி நிற்கவில்லை. திரை இப்போது எங்கள் சொந்த பேட்டரியை மட்டும் காட்டுகிறது என்று நினைக்கிறேன். சாலையோரத்தில் நெடுவழி வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. பெட்ரோல் வண்டிகள் நிற்காமல் போகின்றன.

அப்பா ஏசியை அணைத்தார். யாரும் கேட்காமலே, "சரியாயிரும்" என்றார்.

அக்கா அரை மணி நேரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பதிவு 24
காலை 11.05. நெடுவழி ஓய்வுத் தளம். பெரம்பலூர் 24 கி.மீ.

10.40-க்கு நுழைந்தபோது 62. அக்கா கொஞ்சம் படுக்க வேண்டும் என்றாள். நான் தண்ணீர் வாங்க ஓடினேன். அப்பா மிச்சம் பிடிப்பதற்காக வண்டியை அணைத்துவிட்டார். தளம் முழுக்கக் கறுப்புப் பட்டை. திரும்பி வந்து பார்த்தால் 9.

பனிக்குடம் உடைந்துவிட்டது. அம்மா சொன்னாள். அம்மா கத்தவில்லை, அதனால் எனக்கு அதிகப் பயம்.

108-க்குப் பேசினேன். பதில்: "நெரிசல்மா. ஒண்ணே கால் மணி நேரம் ஆகும். வலி எவ்வளவு இடைவெளியில வருது?" ஐந்து நிமிடம் என்றேன்.

தளத்தில் 31 வண்டிகள், எல்லாம் நெடுவழி. சார்ஜர் ஒன்று, அதற்கும் நீண்ட வரிசை. அப்பா சாலையில் நின்று கையசைக்கிறார். யாரும் நிறுத்தவில்லை. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது.

24 வேண்டும். 9 இருக்கிறது.

பதிவு 25
11.20.

சக்கரம் உருண்டால் எடுக்கலாம்.

அப்பாவிடம், "நியூட்ரல்ல போடுங்க, தள்ளிப் பார்ப்போம்" என்றேன். நானும் அம்மாவும் தள்ளினோம். பத்தடி. 10. நெடுஞ்சாலையில் கூடாத எண் இங்கே கூடுகிறது, ஏனென்றால் இங்கே முப்பது வண்டிகள் நிற்கின்றன.

டீ குடித்துக்கொண்டிருந்த நீலச் சட்டை அண்ணன் முதலில் ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, ஸ்டார்ட் ஆகலையா?" அக்காவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "டேய், வாங்கடா! புள்ளத்தாச்சி இருக்கா!"

பன்னிரண்டு பேர் வந்தார்கள். தளத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளினார்கள்.

"எங்க தாத்தா அம்பாசடரைத் தள்ளுனாரு. நாங்க கம்ப்யூட்டரைத் தள்ளுறோம்."
"மூச்சைப் பேச்சுல விடாதய்யா, கையில விடு."
"புள்ள பொறந்தா எங்க பேரை வைக்கணும், பன்னெண்டு பேரையும்!"

13. 17. 20.

மூன்றாவது சுற்றில் நீலச் சட்டை அண்ணனின் வண்டியைக் கடந்தோம். கண்ணாடி வழியே திரை தெரிந்தது. 31. அடுத்த சுற்றில் 24. அதற்கடுத்த சுற்றில் 18. பக்கத்து வண்டிகளிலும் அப்படித்தான்.

அவர்கள் தங்கள் வண்டிகளைத் தாங்களே காலி செய்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு மட்டும் தெரியும்.

நான் சொல்லவில்லை.

27 வந்ததும் அப்பா ஏறினார். அண்ணனிடம் கைகூப்பினார். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "போங்க சார், போங்க. அவசரம் எல்லாருக்கும் இருக்கு. உங்களது முதல்ல."

எல்லாருக்கும் என்றார். அவருடைய அவசரம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் வண்டியின் பின் சீட்டில் யாரோ போர்வை போர்த்திப் படுத்திருந்தார்கள். மீட்டரை மூன்று வாரம் விடாமல் பார்த்தவள் நான். அந்தப் போர்வைக்குள் யார் என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதிவு 26
பிற்பகல் 2.40. பெரம்பலூர், மருத்துவமனை வாசல்.

உள்ளே நுழைந்தபோது 2. பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். அழுதது. அக்கா நன்றாக இருக்கிறாள். இன்னும் இருபது நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அப்பா வெளியே வந்து முதல் வேலையாக வண்டியை பிளக்கில் மாட்டினார். கையில் வேறு வேலை இல்லாததால் மாட்டினார் என்று நினைக்கிறேன். என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

2.15-க்கு சுபாஷினியிடமிருந்து குரல் பதிவு: "வாழ்த்துகள் செண்பகவல்லி, சித்தி ஆயிட்டீங்க! ஓய்வுத் தளத்துல நீங்க செஞ்சதைப் பார்த்தோம்மா. ரொம்பப் புத்திசாலித்தனம். அதை மட்டும் குறிப்பேட்டுல எழுத வேண்டாம், சரியா? பரிசு உங்களுக்குத்தான்."

எழுதிவிட்டேன்.

108-ஐ மறுபடி அழைத்தேன். நெடுவழி ஓய்வுத் தளத்துக்கு வண்டி போனதா என்று கேட்டேன். "அங்கிருந்து இன்னொரு அழைப்பும் வந்துச்சும்மா. இன்னும் போய்ச் சேரல." யார், என்ன என்று கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டது.

பதிவு 27
3.05.

பிளக்கில் ஏறிய எண் 40 வரை வந்து நின்றது. இப்போது இறங்குகிறது. 38. 35.

எங்கோ ஒரு வண்டியை யாரோ தள்ளுகிறார்கள். தளத்தில் நாங்கள் தள்ளியதை முப்பது குடும்பங்கள் பார்த்தன. யாராவது கற்றுக்கொண்டிருப்பார்கள்.

பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்தால் எங்களுக்கு 35 மிஞ்சும். எடுக்கவில்லை.

31. நீலச் சட்டை அண்ணனாக இருக்கும்.

26.

இந்த எண் யாருக்குப் போகிறது என்று திரையில் எங்கேயும் போடவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

19. அவராகத்தான் இருக்க வேண்டும்.

12. அவராக இருக்கட்டும்.